எத்தனை இஷ்யூ?

இஷ்யூ என்கிற சொல் எனக்கு அறிமுகமானது ஒரு மேசைக்குக் கீழே. மைசூர் அக்ரஹாரத்தில் ஒரு சந்துக்குள், தையல்கடைக்கு மேலே மாடியில் ஒரு சின்ன நூலகம் இருந்தது. என் அத்தை, அப்பாவுடைய அக்கா, அங்கே புத்தகம் எடுத்துக் கொடுக்கும் வேலையில் இருந்தாள். அப்பாவுக்கு ஃபேக்டரியில் ஷிஃப்ட். அம்மாவுக்குக் கார்மெண்ட்ஸில் தையல் வேலை, வீடு வந்து சேர ஏழு மணியாகும். ஆகவே மூன்றாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த நான் பள்ளிக்கூடம் விட்டதும் ஆட்டோவில் நேராக நூலகத்துக்குத்தான் வருவேன். அத்தையின் மேசைக்கடியில் பழைய செய்தித்தாள் கட்டு ஒன்று கிடக்கும். அதன்மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன், அத்தை டப்பாவில் கொண்டு வந்த பொரியைத் தின்பேன், மேலே நடப்பதைக் காது கொடுத்துக் கேட்பேன்.

மேலே நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான். "மேடம், இது இஷ்யூ மாடி" என்று, அதாவது இஷ்யூ செய்யுங்கள் என்று, யாராவது கன்னடத்தில் சொல்வார்கள். மேசைமேல் புத்தகம் விழும். என் தலைக்கு நேர் மேலே தேதி முத்திரை டப்பென்று இறங்கும். பதினைந்து நாளில் திருப்பித் தந்துவிட வேண்டும் என்று அத்தை நினைவூட்டுவாள். ஆக, இஷ்யூ என்றால் கொடுப்பது, கொடுத்ததைத் தேதி பார்த்துத் திரும்ப வாங்கிக்கொள்வது. இதில் எனக்கு எந்தக் குழப்பமும் இருந்ததில்லை.

பூட்டுகிற நேரத்துக்கு மாமா வருவார். அதே தெருவில் மிக்ஸி, கிரைண்டர் பழுது பார்க்கும் கடை அவருக்கு. படியேறும்போதே, "இன்னிக்கி எத்தனை இஷ்யூ அம்மிணி?" என்று என்னைக் கேட்பார். அன்று எடுத்துப்போன புத்தகங்களின் சீட்டுகளை எண்ணிச் சொல்வது என் பொறுப்பு. நிறைய என்றால், "பாரு, உங்கத்தை இன்னிக்கி ஊருக்கே அறிவு குடுத்துட்டா" என்பார். குறைவு என்றால், "பரவால்ல, ஊர்ல எல்லாருக்கும் ஏற்கெனவே அறிவு வந்துருச்சாட்டம் இருக்குது" என்பார். அத்தை இரண்டுக்கும் ஒரே மாதிரி சிரிப்பாள். அவர்களுக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் ஆகியிருந்தது. குழந்தைகள் இல்லை. அதை ஒரு குறையாக நான் நினைத்ததே கிடையாது. எனக்கென்று முழுசாக ஒரு அத்தையும் மாமாவும் இருந்ததில் எனக்கென்ன குறை?

அந்த வருஷம் குண்டலுப்பேட்டையில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தோம். பந்தியில் அத்தைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் பெங்களூரிலிருந்து வந்த ஒரு பெரியவர். பாதிக்குப் பாதி இங்கிலீஷ் கலந்துதான் பேசுவார். எங்கே வேலை, சொந்த வீடா, கல்யாணமாகி எத்தனை வருஷம் என்றெல்லாம் கேட்டுவிட்டு, "அப்புறம், இஷ்யூ எத்தனை?" என்றார்.

அத்தை இலையைப் பார்த்தபடி, "இல்லீங்க" என்றாள்.

அவர் "ஓ" என்று சொல்லிவிட்டுப் பாயசக்காரரைக் கூப்பிட்டார். எனக்கு வாய் நிறைய ஜாங்கிரி. இல்லாவிட்டால் அங்கேயே எண்ணிக்கையைச் சொல்லியிருப்பேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அத்தையிடம் கேட்டேன். "நேத்துக்கூட அத்தனை இஷ்யூ ஆச்சே, ஏன் அத்தை அந்தத் தாத்தாகிட்ட இல்லேன்னு சொன்னீங்க?"

அத்தை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே சூரியகாந்தி வயல்கள்தான். பிறகு என் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, "கல்யாண வீட்டுல போயி வேலைக் கதையெல்லாம் எதுக்கு கண்ணு" என்றாள்.

தற்பெருமை கூடாது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அத்தை அப்படிப்பட்டவள் என்று முடிவு செய்துகொண்டு நான் தூங்கிப்போனேன்.

அதற்குப் பிறகுதான் வீட்டில் அந்தப் பேச்சு அடிபட ஆரம்பித்தது. அத்தைக்கும் மாமாவுக்கும் ஒரு பாப்பா வரலாம். யார் கொடுப்பார்கள் என்று அம்மாவைக் கேட்டேன். அம்மா அப்பா இல்லாத குழந்தைகளை வைத்துப் பார்த்துக்கொள்கிற ஓர் இடம் இருக்கிறது, அங்கிருந்து ஒரு மேடம் வருவார், வீட்டையும் ஆட்களையும் பார்ப்பார், அவருக்குப் பிடித்திருந்தால் கொடுப்பார்கள் என்று அம்மா சொன்னாள். "அவங்க வர்றன்னைக்கி நீ வாயத் திறக்கக் கூடாது" என்றும் சொன்னாள்.

அந்த மேடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தை வீட்டுக்கு ஸ்கூட்டரில் வந்தார். ஐம்பது வயதிருக்கும். காட்டன் சேலை, தடித்த கண்ணாடி, கையில் ஒரு ஃபைல். மாமா அதற்கு முந்தின வாரமே சமையலறைக்கு வெள்ளையடித்து, ஜன்னலுக்குப் புதுக் கம்பி போட்டிருந்தார். அத்தை கஞ்சி போட்ட சேலையில் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். அப்பாவும் அம்மாவும் கட்டிலில். நான் பீரோவை ஒட்டி நின்றிருந்தேன். காப்பி வேண்டாம் என்று அவர் சொன்னதும் எல்லார் முகமும் வாடியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அவர் கன்னடத்தில்தான் பேசினார். முக்கியமான இடம் வந்தால் மட்டும் இங்கிலீஷுக்கு மாறுவார். கல்யாணமாகி எத்தனை வருஷம், உடம்புக்கு ஏதாவது உண்டா, இரண்டு பேரும் வேலைக்குப் போனால் குழந்தையை யார் பார்ப்பார்கள் என்று கேட்டார். மாமா ஒவ்வொரு பதிலுக்கும் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். கடைசியில் மேடம் ஃபைலைப் பார்த்தபடி, "ஸோ, நோ இஷ்யூஸ்?" என்றார்.

"இல்ல மேடம்" என்றாள் அத்தை, மிகவும் மெதுவாக. "நோ இஷ்யூஸ்" என்று மாமாவும் சேர்ந்து சொன்னார்.

எனக்குப் பொறுக்கவில்லை. இவ்வளவு பெரிய காரியம் நடக்கிறது, அத்தையைப் பிடித்திருந்தால்தான் பாப்பா, இந்த நேரத்திலும் அத்தை தன் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லிக்கொள்ள மாட்டேன் என்றால் எப்படி? மாமாவும் அல்லவா கூடச் சேர்ந்துகொண்டார்.

"இருக்கு மேடம்" என்றேன் கன்னடத்தில். "எங்க அத்தைக்குத் தினமும் இஷ்யூ இருக்கு. சனிக்கிழமைன்னா ரொம்ப ஜாஸ்தி."

மேடம் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். அப்புறம் மாமாவைப் பார்த்தார். பிறகு மறுபடி என்னை. "ஹௌதா? அப்படியா? எந்த மாதிரி இஷ்யூ, புட்டி?" என்று கேட்டார். சின்னப் பெண்களைக் கன்னடத்தில் புட்டி என்றுதான் கொஞ்சிக் கூப்பிடுவார்கள். ஆனால் அவர் குரலில் அப்போது கொஞ்சல் இல்லை.

"எல்லா மாதிரியும். சாயங்காலம் ஆச்சுன்னா நிக்கவே நிக்காது. மாமா வந்தாத்தான் முடியும். சில நாள் மாமா கீழேயிருந்தே சத்தம் போடுவாங்க, போதும், மீதிய நாளைக்குப் பாத்துக்கலாம்னு."

அப்பா எழுந்து என் கையைப் பிடித்தார். மேடம் அவரைப் பார்த்து, "இரி, மகு மாதாட்லி" என்றார். இருங்கள், குழந்தை பேசட்டும் என்று அர்த்தம். அவரே எழுந்து என்னைக் கூட்டிக்கொண்டு வாசலுக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டுப் படியில் உட்கார்ந்தார். என்னையும் பக்கத்தில் உட்காரச் சொன்னார். திரும்பிப் பார்த்தேன். கதவிடுக்கில் அத்தையின் முகம் தெரிந்தது. அவளை அப்படி நான் பார்த்ததில்லை. கூட்டத்தில் கை நழுவிய குழந்தையின் முகம் மாதிரி இருந்தது.

"அந்த நேரத்துல அத்தை என்ன செய்வாங்க? அழுவாங்களா?" என்று மேடம் கேட்டார்.

"எதுக்கு அழணும்? முத்திரை குத்துவாங்க."

"முத்திரையா?"

"தேதி முத்திரை. கார்டு இருந்தா எல்லாருக்கும் இஷ்யூ. கார்டு இல்லேன்னா அங்கேயே உக்காந்து படிச்சுக்கலாம்."

மேடம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தைக்கு எங்கே வேலை என்று கேட்டார், சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைக்க ஆரம்பித்தார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று புரியவே எனக்குச் சற்று நேரம் பிடித்தது. எதற்கு என்றுதான் புரியவில்லை. அத்தையைக் கேலி செய்கிறாரோ என்று கோபம் வந்தது. அதனால் இன்னும் கொஞ்சம் சொல்லிவைத்தேன். சின்னப் பிள்ளைகள் புத்தகத்தைக் கிழித்துக்கொண்டு வந்தால் அத்தை திட்டவே மாட்டாள் என்றேன். அந்தப் பிள்ளையையே பக்கத்தில் உட்கார வைத்து, பசை தடவச் சொல்லி, இரண்டு பேருமாக ஒட்டுவார்கள். தேதி தாண்டிக் கொண்டு வந்தால் எதற்கு என்று கேட்பாள், காரணம் என்ன சொன்னாலும் நம்பிவிடுவாள். ஒரு பையன் நான்கு தடவை ஜுரம் என்று சொன்னான், நான்கு தடவையும் நம்பினாள். எனக்கு மட்டும் அவன் பொய் சொல்கிறான் என்று தெரியும்.

மேடம் இப்போது சிரிக்கவில்லை. தெருவில் யாரோ சிலிண்டர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள், அது மூலை திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். "உனக்கு உன் அத்தையை ரொம்பப் பிடிக்குமா?" என்று கேட்டார். இது என்ன கேள்வி?

உள்ளே வந்ததும், "அந்தக் காப்பி இருந்தால் கொடுங்கள்" என்று அத்தையிடம் கேட்டார். அம்மாதான் தம்ளரைக் கொண்டு வந்து கொடுத்தாள். மேடம் குடித்துக்கொண்டே நடந்ததைச் சொல்ல, முதலில் அப்பாவும் பிறகு மாமாவும் சிரித்தார்கள். மாமா சிரித்துக்கொண்டே சமையலறைக்குள் போய்விட்டார். அத்தை மட்டும் சிரிக்கவில்லை, என்னைக் கிட்டத்தில் இழுத்துப் பின்னலைச் சரி செய்துகொண்டிருந்தாள்.

மேடம் போன பிறகு அம்மா, "இஷ்யூன்னா என்னன்னு தெரியுமாடி உனக்கு" என்று ஆரம்பித்தாள். அத்தை குறுக்கே வந்து, "உடு புள்ள. அவ சொன்னதுல என்ன தப்பு" என்றாள். அதனால் குழந்தை, பிரச்சினை என்கிற அந்தச் சொல்லின் மற்ற அர்த்தங்கள் எனக்கு அன்றும் கிடைக்காமல் போயின.

சில மாதங்கள் கழித்துப் பாப்பா வந்தது. ஒன்றரை வயசுப் பெண் குழந்தை. மொட்டையடித்து முடி குச்சிகுச்சியாக முளைத்திருந்தது. வந்த அன்று கையில் ஒரு பிஸ்கெட்டைப் பிடித்திருந்தது. தின்னவும் இல்லை, யாரிடமும் கொடுக்கவும் இல்லை. அது கரைந்து விரலில் ஒட்டிக்கொண்ட பிறகுதான் அத்தையால் கையைக் கழுவிவிட முடிந்தது.

எனக்கு ஒரு விவரம் தேவைப்பட்டது. அத்தை அதற்குச் சோறு ஊட்டும்போது கேட்டேன். "பாப்பாவ எப்பத் திருப்பிக் குடுக்கணும் அத்தை?"

அத்தையின் கை அந்தரத்தில் நின்றது. வாயைத் திறந்திருந்த பாப்பா சோற்றுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. "தெரியல கண்ணு" என்றாள் அத்தை.

நான் இதைச் சாதாரணமாகத்தான் எடுத்துக்கொண்டேன். சில புத்தகங்களைத் தேதி நீட்டி வாங்கிக்கொள்வார்கள், இதுவும் அப்படித்தான் இருக்கும். திரும்பிப் போகப்போகிற ஒருவரிடம் தாராளமாக நடந்துகொள்வது எளிது. என் பொம்மையைக் கொடுத்தேன். மேசைக்கடியில் செய்தித்தாள் கட்டின்மேல் பாதி இடமும் கொடுத்தேன். ஏனென்றால் அத்தை பாப்பாவையும் நூலகத்துக்குத் தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்திருந்தாள். நூலகத்தின் மேலதிகாரி நல்லவர், தெரியாத மாதிரியே இருந்துவிட்டார்.

ஒருநாள் வீட்டில் அப்பா அம்மாவிடம் சொன்னது காதில் விழுந்தது. "கோர்ட்டுல ஆர்டர் இன்னும் இஷ்யூ ஆகல. அது ஆகற வரைக்கும் எதுவும் நிச்சயமில்ல. அக்கா சரியாத் தூங்கறதே இல்லையாம்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இஷ்யூ ஆகாமலே பாப்பா வந்துவிட்டதா? நூலகத்தில் அதற்குப் பெயர் வேறு. முத்திரை இல்லாமல் ஒரு புத்தகத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு போன ஆளைப் படியிலேயே பிடித்து நிறுத்தியதை நானே பார்த்திருக்கிறேன். அத்தை அப்படிச் செய்யக்கூடியவள் அல்ல. ஆனால் பாப்பா மேசைக்கடியில்தான் இருந்தது.

அன்றிலிருந்து நான் காவலுக்கு இருந்தேன். படியில் பூட்ஸ் சத்தம் கேட்டால் காது விறைத்துக்கொள்ளும். ஒரு நாள் நிஜமாகவே காக்கிச் சட்டை போட்ட ஒருவர் ஏறி வந்தார். நான் கட்டைப் பிரித்துச் செய்தித்தாள்களைப் பாப்பாவின் மேல் போட்டு மூடினேன். பாப்பாவும் இது விளையாட்டு என்று எண்ணிச் சத்தம் போடாமல் இருந்தது. வந்தவர் கூரியர்காரர். பார்சலைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவர் போன பிறகு காகிதங்களை விலக்கிக்கொண்டு நான் வெளியே தலையை நீட்டியபோது, அத்தை உட்காராமல் நின்றுகொண்டிருந்தாள். மேசையின் முன்பக்கத்தை மறைத்து, சேலையை இரண்டு பக்கமும் விரித்துப் பிடித்தபடி. நான் என்ன செய்தேன் என்று அவள் பார்த்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். குனிந்து எங்கள் இரண்டு பேர் தலைமேலும் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டாள், அவ்வளவுதான்.

ஒரு மழைக்காலப் பிற்பகலில் மாமா படியேறி வந்தார். வழக்கமாக வரும் நேரம் இல்லை. கையில் கிரீஸ், அதே கையில் ஃபோன். "ஆர்டர் இஷ்யூ ஆயிருச்சு புள்ள" என்றார்.

அத்தைக்கு முன்னால் ஒரு காலேஜ் பெண் புத்தகத்தோடு நின்றிருந்தாள். அத்தை முத்திரையைக் குத்தி, புத்தகத்தைக் கொடுத்து, பதினைந்து நாள் என்று சொல்லி அனுப்பினாள். பிறகு நாற்காலியை விட்டு இறங்கி என் செய்தித்தாள் கட்டின்மேல் வந்து உட்கார்ந்தாள். மூன்று பேருக்கு அங்கே இடமே இல்லை.

நான் வெளியே வந்து மாமாவிடம் கேட்டேன். "எந்தத் தேதிக்குள்ள திருப்பிக் குடுக்கணும்?"

"தேதியெல்லாம் கெடையாது அம்மிணி. இது திருப்பிக் குடுக்கற இஷ்யூ இல்ல."

"அப்ப எப்பவுமே இங்கயேதானா?"

"எப்பவுமே."

மாமா என்னைத் தூக்கிக்கொள்ள வந்தார், கை அழுக்கைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நான் போய் ஜன்னலோரம் நின்றேன். பொம்மையைக் கொடுத்ததுபற்றி யோசித்தேன். தாளைக் கிழிக்கிற சத்தம் கேட்டது. திரும்பினால், பாப்பா மேசைக்கடியிலிருந்து ஒரு செய்தித்தாளைக் கிழித்து என் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. அது அதுவரை யாருக்கும் எதையும் கொடுத்ததில்லை. வாங்கிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் மழை விட்டிருந்தது. மாமா முன்னாலேயே கடைக்குப் போய்விட்டார். அத்தை பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையில் என்னைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். கீழே தையல்கடை வாசலில் நின்றாள். உள்ளே தைத்துக்கொண்டிருந்தவரிடம் பாப்பாவின் பெயரைச் சொன்னாள். அதுவரை நாங்கள் எல்லாரும் பாப்பா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். அத்தை மனசுக்குள் ஒரு பெயர் வைத்திருந்ததே எனக்குத் தெரியாது. "எங்க பொண்ணு" என்றாள். பிறகு என்னைக் காட்டி, "இவ அக்கா" என்றாள்.

தையல்காரர் பாப்பாவுக்குத் தினமும் துணித்துண்டு கொடுத்து விளையாட்டுக் காட்டுகிறவர். பாப்பா போட்டிருந்த கவுனே அவர் தைத்ததுதான். அவர் மெஷினை நிறுத்தி, எழுந்து வெளியே வந்து, பெயரை இன்னொரு தடவை கேட்டுச் சொல்லிப் பார்த்தார்.

அடுத்தது பூக்காரம்மா. அதே பெயர், அதே எங்க பொண்ணு, அதே அக்கா. அந்தம்மா ஒரு முழம் மல்லிகையை நறுக்கி, வைக்க முடி இல்லாததால் பாப்பாவின் கழுத்தில் மாட்டிவிட்டார். அப்புறம் இஸ்திரிக்காரர். அப்புறம் பேக்கரி. அங்கே பன் வாங்கித் தருவாள் என்று நினைத்தேன், அங்கேயும் பெயரைத்தான் சொன்னாள். எல்லாரும் பாப்பாவை மாதக்கணக்காகத் தினமும் பார்க்கிறவர்கள். எல்லாரும் முதல் தடவை பார்ப்பதைப் போலவே பார்த்தார்கள்.

எனக்குப் பசித்தது. பை முதுகை அழுத்தியது. "அவங்களுக்கெல்லாம்தான் ஏற்கெனவே தெரியுமே, எதுக்கு அத்தை சொன்னதையே சொல்றீங்க" என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

"இந்த ஒரு கடை மட்டும் கண்ணு" என்று சொல்லிவிட்டு அத்தை அடுத்த கடையின் படியில் ஏறினாள்.